சரிந்த வள்ளத்தில் செங்கோணம் தேடியவர்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர் சூசைதாசன், அவருடைய தங்கை எமில்டா, கருவாடு வாங்க வந்திருந்த வியாபாரி ஒருவர், வேப்பமரத்தடியில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்த என் இளைய மகள் மெரினா. வேறு ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு கணக்காக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாங்கள்தான் முதலில் அறிந்ததாகப் பிறகு ஊரில் பலர் சொன்னார்கள். தோட்டவெளியில் முதலில் அறிந்தவள் மெரினா. போனை எடுத்தவள் அவள். போனை என் கையில் தந்துவிட்டு, மரத்தடிக்குத் திரும்பிப் போய்க் கொப்பியை மூடினாள். காதில் வைக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது.

வங்காலையிலிருந்து ஜெசிந்தா ரீச்சரின் தம்பி பேசினார். "அக்கா காலமை முடிஞ்சிட்டா" என்றார். கருவாட்டு வியாபாரி தராசைக் கீழே வைத்தார். எமில்டா சிலுவை அடையாளம் போட்டாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கிணற்றடிக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தேன் என்று என் கணவர் சொன்னார். இன்னும் அப்படித்தான் நடக்கிறேன்.

ரீச்சரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் வங்காலையில் பிறந்தவர். சண்டை முடிந்து சனங்கள் ஊர்களுக்குத் திரும்பிய காலத்தில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக வந்தவர். கடைசி வரைக்கும் ஐந்தாம் தரத்துக்குக் கணிதம் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் எங்கள் கோவிலின் மறைக்கல்வி மண்டபத்தில் எவரிடமும் ஒன்றும் வாங்காமல் வகுப்பு நடத்தினார். அவர் போனதிலிருந்து சனிக்கிழமைகளில் அந்த மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. வகுப்பு தொடருமா, மண்டபம் வேறு அலுவலுக்குப் போகுமா என்று பங்குச் சபை இன்னும் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டபோது, அந்த விசயத்தையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் செபப் புத்தகம், சாமான் சுற்றி வந்த பேப்பர், பிள்ளைகளின் கொப்பிகள். மாதர் சங்கத்தின் வரவு செலவை எழுதுவது நான்தான். கணக்கில் ஒன்று பொருந்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ரீச்சரோடு எனக்குப் பழக்கம் வந்ததும் ஒரு பொருந்தாத விசயத்தால்தான்.

மூத்தவள் நிரோசா அப்போது ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, பிள்ளை முழங்கால் வரைக்கும் மணலோடு பள்ளிக்கூடத்தால் வந்து நின்றாள். "ரீச்சர் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனவா" என்றாள். அடுத்த நாள் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரீச்சர் வகுப்பு வாசலில் நின்றபடியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், சோதினைக்குப் படிப்பிக்கச் சொல்லிப் பிள்ளையை அனுப்பினனான். நீங்கள் கடற்கரையில விளையாட விட்டிருக்கிறியள்" என்றேன்.

"விளையாடேல்லை அக்கா. பிழை விட்டவை. நல்ல அருமையான பிழை. நேற்று நேரம் காணாது, அரைவாசியில விட்டிட்டு வந்தனாங்கள். இண்டைக்கும் போறம். நீங்களும் வாங்கோ."

சண்டை பிடிக்கப் போனவள் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் கரைக்குப் போனேன்.

ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மடித்த தாள் ஒன்று இருந்தது. எவ்வளவு கிழிந்த தாளாக இருந்தாலும் ஒருமுறை மடித்து, அந்த மடிப்புத் தன்மேலேயே படும்படி இன்னொருமுறை மடித்தால் வருகிற மூலை செங்கோணம். அந்த மூலையைக் கொண்டு கதவு, கரும்பலகை, மேசை எல்லாவற்றையும் பிள்ளைகள் அளந்து முடித்திருந்தார்கள். வள்ளத்தில்தான் மாட்டுப்பட்டார்கள். அருளப்பு அண்ணனின் வள்ளம் கடல் வற்றிய நேரம் கரையில் ஏறி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதன் குறுக்குப் பலகையில் ஊன்றிய கொடிக்கம்பும் சேர்ந்து சரிந்திருந்தது.

"கம்புக்கும் பலகைக்கும் இடையில என்ன கோணம்?" என்று ரீச்சர் கேட்டார்.

"தண்ணியில நிக்கேக்க செங்கோணம் ரீச்சர். இப்ப இல்லை" என்றார்கள் பிள்ளைகள். என் நிரோசாவும்தான்.

பட்டணத்துப் பிள்ளைகள் இந்தப் பிழையை இந்த விதமாக விடமாட்டார்கள். எங்கள் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்ப்பது கம்பு வானத்தைப் பார்த்து நிற்கிறதா என்பதைத்தான். தூரத்தில் வருகிற வள்ளத்தின் கம்பு நேராக நின்றால் வீட்டில் உலை வைக்கலாம். சரிந்து வந்தால் எல்லாரும் கரைக்கு ஓடவேண்டும். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு, சரிந்து கிடக்கிற வள்ளத்தில் ஒன்று கெட்டுத்தான் போயிருக்கவேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அருளப்பு அண்ணன் சும்மா இருக்கவில்லை. "என்ன ரீச்சர், வள்ளத்துக்கு வயித்துக்குத்தோ? மருந்துத் துண்டோட வந்து நிக்கிறியள்" என்றார்.

"வள்ளத்துக்கு ஒண்டுமில்லை அண்ணன். உங்கட கம்பிலதான் பிள்ளையளுக்குச் சந்தேகம். ஒராளை ஏத்தி விடுங்கோ."

"என்ர கம்பிலயோ? இவையின்ர அப்பன்மாரின்ர கம்பை முதல் பாக்கச் சொல்லுங்கோ."

ஏற்றிவிட்டார். மேலே போனவள் நிரோசா. தாளின் மூலையைக் கம்பும் பலகையும் சேருகிற இடத்தில் வைத்து அழுத்தினாள். இடைவெளி இல்லாமல் இருந்தது. எடுத்து, மறுபடி வைத்தாள். கீழே நின்ற ஒரு சின்னப்பெண் தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் சரித்தார்கள். அருளப்பு அண்ணன் தலையைச் சரித்தார். நானும் சரித்தேன்.

ரீச்சர் அப்போது சொன்னதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒரு சொல் தப்பாமல் தெரியும். "வள்ளம் சரிஞ்சா ரெண்டும் சேர்ந்துதான் சரியும். ரெண்டுக்கும் இடையில இருக்கிறது மாறாது. நாங்கள் பாக்கிறது அந்த இடையில இருக்கிறதைத்தான்."

அன்று வீட்டுக்கு வந்து கறிக்குப் புளி விடவும் மறந்துபோனேன். சுவரில் சாத்தியிருந்த ஏணியையும் திறந்து கிடந்த யன்னலையும் பார்த்துக்கொண்டே திரிந்தேன். "உனக்கு என்ன பிடிச்சது?" என்று என் கணவர் கேட்டார். நான் யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்தேன்.

கரைக்குப் போகிறதை அறிந்த அதிபர், பாடத்திட்டத்தை நேரத்துக்கு முடிக்கவேண்டும் என்று சொன்னது நியாயம்தான். அதனால்தான் ரீச்சர் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினார். அப்போதிருந்த பங்குத்தந்தை மண்டபத்தைத் தந்தார். ரீச்சர் வங்காலையிலிருந்து பஸ் ஏறிப் பாலம் கடந்து வருவார். மண்டபத்தைக் கூட்டித் தண்ணி வைத்து, சாமான்களை ஆயத்தப்படுத்துவது என் பொறுப்பு. ஒருவரும் எனக்கு அந்தப் பொறுப்பைத் தரவில்லை. "அக்கா, நாளைக்கு ஓலை கிழிச்சு வைப்பியளே?" என்று ரீச்சர் ஒருநாள் கேட்டார். அதோடு அது என்னுடையதாகிவிட்டது.

பனையோலையை விரல் அகலத்துக்குக் கிழித்து, இரண்டு துண்டை ஒரு நுனியில் உடைமுள்ளால் குத்திச் சேர்த்தால் அது பறவையின் அலகுபோலத் திறந்து மூடும். பிள்ளைகள் அதற்குக் கொக்குச்சொண்டு என்று பெயர் வைத்தார்கள். கோணம் என்பது கீறின படம் இல்லை, ஒரு திரும்பல் என்பதைக் கைக்குள் காட்ட ரீச்சர் கண்ட வழி அது. ஒருநாள் ஓலை போதாமல் போய், நான் சிலதை நீளமாகவும் சிலதைக் கட்டையாகவும் கிழித்துவிட்டேன். எல்லாம் ஒரே அளவாக இல்லையே என்று என் மனம் குறுகுறுத்தது. ரீச்சருக்கோ கொண்டாட்டம். நீளச் சொண்டு ஒன்றையும் கட்டைச் சொண்டு ஒன்றையும் ஒரே மாதிரித் திறந்து பிடித்து, எது பெரிய கோணம் என்று கேட்டார். எல்லாரும் நீளமானதைக் காட்டினார்கள். ரீச்சர் கத்தரிக்கோலை எடுத்து நீளச் சொண்டை நறுக்கினார்.

"இப்ப கொக்கு வாயை மூடிற்றுதோ?"

"இல்லை ரீச்சர்."

"பிறகென்ன குறைஞ்சது?"

"சொண்டுதான். பாவம், இனி அதுக்கு மீன் பிடிக்கேலாது" என்றாள் ஒருத்தி.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ரீச்சர் சிரித்துக்கொண்டே அடுத்த சொண்டையும் நறுக்கினார். மாதிரிக்கு ஒன்று போதும். அவருக்கு நிற்பாட்டத் தெரியாது. நான் காலையிலிருந்து கிழித்த ஓலையெல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. "ரீச்சர், கத்தரிக்கோலை இங்கால தாங்கோ" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் அப்படித்தான். கதிரையில் முழுதாக இருந்து நான் கண்டதில்லை. இருந்தாலும் பாதிக் கதிரை. ஒரு பாடத்தைத் தொடங்கி நடுவில் வேறொன்றுக்குத் தாவிவிடுவார். பிள்ளைகளை மறுபடி கூட்டி வந்து விட்ட இடத்தில் விடுவது நான். கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டு போவார். பூசை நேரத்தில்கூட அவருடைய கண் கூரைக்குப் போகும். எனக்கு அது பொறுக்காது. நற்கருணை நேரம் தலைகுனிந்திருக்கவேண்டிய ஒருவர் வளைகளையும் கைமரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? ஒருநாள் வாசலில் வைத்துச் சொன்னேன்.

"ஓம் அக்கா, பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறன். ஆனா அந்த மூலைக் கைமரத்தைப் பாத்தனீங்களே? மற்றப் பக்கத்தை விடக் கூடத் திறந்து கிடக்குது. ஆண்டவர் என்னை மன்னிப்பார். அதை அடிச்ச தச்சனை மன்னிப்பாரோ எண்டுதான் எனக்குத் தெரியாது."

அடுத்த ஞாயிறு நானும் பார்த்தேன். பார்த்தது பிழை என்று தெரியும். ஆனால் அந்தக் கைமரம் திறந்துதான் கிடந்தது.

இவ்வளவும் நல்லதாக எழுதிவிட்டு அடுத்ததை எழுதாமல் விட்டால் இது பொய்க் கணக்காகிவிடும். நிரோசா பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றாள். கொஞ்சம் கீழே இல்லை, நல்லாய்க் கீழே. அந்த வகுப்பில் சனிக்கிழமை வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கும் கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்று பின்னேரம் ரீச்சர் எங்கள் படலையில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"என்னில கோவமோ அக்கா?"

"ஓம்" என்றேன்.

"சரி" என்றார். "இந்தச் சனிக்கிழமை வருவியளே?"

"பாப்பம்."

சனிக்கிழமை நான் போகவில்லை. நிரோசா போனாள். பரீட்சை முடிந்து முடிவும் வந்துவிட்டது. இனி அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ரீச்சர் வட்டத்தைப் பாதியாக மடிச்சு மடிச்சு எத்தினை துண்டு வரும் எண்டு பாக்கச் சொன்னவா. நான் இன்னும் முடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பரீட்சை இல்லாத ஒரு கணக்கை என் பிள்ளை முடிக்காமல் விட விரும்பவில்லை. அதன் பிறகுதான் ஓலையை எடுத்துக்கொண்டு நானும் போனேன். ரீச்சர் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

பிறகு எத்தனையோ வகுப்புகள் வந்து போயின. நிரோசா கல்யாணம் முடித்து நானாட்டானுக்குப் போய்விட்டாள். மெரினா ஐந்தாம் தரத்துக்கு வந்தாள். நானும் ரீச்சரும் அதே மண்டபத்தில் நின்றோம்.

போன மழைக்குப் பிறகு ரீச்சருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பஸ்ஸால் இறங்கி மண்டபம் வரைக்கும் வர இடையில் நின்று நின்று வருவார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "போறன், போறன், இந்தப் பாடம் முடியட்டும்" என்பார். கடைசியாக வந்த சனிக்கிழமைதான் அவர் முதல்முறையாகக் கதிரையில் முழுதாகச் சாய்ந்து இருந்தார். நான் தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அன்று பாடம் நடத்தியது நான். அவர் இருந்த இடத்திலிருந்து, "அக்கா, சொல்லாதேங்கோ, கேளுங்கோ. விடையை நீங்கள் சொன்னா பிள்ளையள் என்னத்தைத் தேடுறது?" என்று இரண்டு தரம் என்னைத் திருத்தினார். பஸ் ஏற்றிவிடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வராட்டியும் பிள்ளையளை மறிக்காதேங்கோ" என்றார்.

"நீங்கள் வருவியள்" என்றேன்.

"வருவன். நான் சொல்லுறது, வராட்டி."

வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக அறிந்தோம். திரும்பக் கொண்டுவந்ததாக அறிந்தோம். பிறகு அந்தப் போன்.

அடக்கத்துக்கு வந்த சனத்தை வங்காலைக் கோவில் கொள்ளவில்லை. வளர்ந்து பிள்ளை குட்டியோடு நின்ற பழைய மாணவர்கள், கடலுக்குப் போகாமல் வந்த அருளப்பு அண்ணன், சீருடையில் எங்கள் பிள்ளைகள். பெட்டியைச் சேமக்காலைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நான் செபமாலையைக் கையில் பிடித்திருந்தேன், மணி நகரவே இல்லை. ஓரிடத்தில் நிற்காதவரை இப்படி ஓரிடத்தில் வைத்துவிட்டு வருகிறோமே என்ற எண்ணம் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வழமைபோல வந்தார்கள். மண்டபம் பூட்டியிருந்தது. நான் பங்குச் சபைச் செயலாளர் றெஜியிடம் பூட்டைத் திறக்கத் திறப்புக் கேட்டுப் போனேன். றெஜி நல்ல பிள்ளை. என் கண் முன்னால் வளர்ந்தவர்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. ரீச்சர் இல்லாம ஆர் படிப்பிக்கிறது?"

"நான் பிள்ளையளோட நிப்பன்."

"நீங்கள் எத்தினையாம் வகுப்பக்கா?"

"எட்டு. உமக்குத் தெரியும்தானே."

"தெரியும். தாய் தகப்பன்மார் கேட்டா நான் என்ன சொல்லுறது? பட்டணத்தால ஒரு ரியூசன் மாஸ்ரர் வர ஆயத்தம். பழைய வினாத்தாள் எல்லாம் செய்விப்பார். சனிக்கிழமை மண்டபம் தரச் சொல்லிக் கேக்கிறார். ரீச்சரின்ர வகுப்பால எத்தினை பேர் பாஸ் பண்ணினவை எண்டு சபையில ஒராள் கேட்டார். எனக்குப் பதில் இல்லை."

அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். பாஸ் பண்ணியவர்கள் குறைவு. மாஸ்ரர் வரட்டும், வினாத்தாளும் தேவைதான். என் மெரினாவையும் அனுப்புவேன். ஆனால் நிரோசாவுக்குக் கணக்கென்றால் பயம் இல்லை. தெரியாத ஒன்றைக் கண்டால் கிட்டப் போய்ப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருக்கிறது. நானாட்டானில் வீடு கட்ட நூல் பிடித்தபோது, அத்திவாரக் கிடங்குக்குள் இறங்கி நின்று மூலையை மறுபடி பார்க்கச் சொன்னவள் அவள். அதற்கு ஒருவரும் சான்றிதழ் தரமாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. மண்டபத்துக்கு வெளியே விறாந்தைத் தரையில் இருத்தினேன். ஆளுக்கொரு கொக்குச்சொண்டு கொடுத்தேன். மெரினாவுக்குப் பக்கத்தில் இருந்த டிலானி தன் சொண்டைத் திறந்தாள். செங்கோணம் தாண்டி, நேர்கோடு தாண்டி, இன்னும் திருப்பி, முழுச் சுற்றும் சுற்றி இரண்டு ஓலையும் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று வந்து படும் வரைக்கும் திருப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, இப்ப இது திறக்காமலே கிடக்கோ, இல்லாட்டி முழுக்கத் திறந்து கிடக்கோ? பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்குது."

என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன், ரீச்சர் நிற்கும் இடத்தை. பூட்டிய கதவுதான் இருந்தது. "எனக்கும் தெரியாது பிள்ளை. நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று மற்றவர்களைக் கேட்டேன். அவ்வளவுதான். இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவர் ஓலையை ஒருவர் பறித்து, மத்தியான மணி அடித்ததும் கேட்காமல் வாதாடினார்கள். திரும்பியது கணக்கா, திரும்பி வந்து நிற்கிற இடம் கணக்கா என்று மெரினா கேட்டதற்கு எவராலும் பதில் சொல்லமுடியவில்லை. முடிவில்லாமல்தான் வீட்டுக்குப் போனார்கள். நானும் முடிவில்லாமல்தான் போனேன். அன்றைக்குத்தான், செய்தி வந்த பிறகு முதல்முறையாக, கொஞ்சம் நித்திரை கொண்டேன்.

ஜெசிந்தா ரீச்சர், ஆண்டவருடைய வீட்டில் உங்களை ஒரு கதிரையில் இருத்தி வைக்க எவரும் முயற்சி செய்யவேண்டாம் என்று நான் செபிக்கிறேன். போய் வாருங்கோ. நீங்கள் மறிக்காதேங்கோ என்று சொன்ன பிள்ளைகளை நான் மறிக்கவில்லை.

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குச் சபைக்கும்: மண்டபம் முழுவதும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாஸ்ரர் உள்ளே படிப்பிக்கட்டும். சனிக்கிழமை காலையில் விறாந்தையும், மழை வந்தால் பிள்ளைகள் ஒதுங்க ஒரு மூலையும் போதும். என்னோடு நிற்க ஒரு படித்த ஆசிரியரைச் சபை தேடித் தந்தால் சந்தோசம். தரும் வரைக்கும் நான் நிற்பேன். இல்லை என்பதுதான் முடிவென்றால் அதையும் என்னிடம் நேரே சொல்லுங்கோ, பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டும். அவர்கள் இந்தச் சனிக்கிழமையும் வருவார்கள். தயவுசெய்து அதற்கு முன்னர் ஒரு பதில் தாருங்கோ.

பிலோமினா சூசைதாசன்
தோட்டவெளி